வாரம் ஒருமுறை வரும் குப்பை வண்டி: கிராமத்து வீட்டில் குப்பையைப் பிரித்துச் சேர்த்து அனுப்புவது எப்படி?

கிராமத்தில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், பாதை குறுகலாக இருக்கும், வண்டி ஓட வேண்டிய தூரமும் அதிகம். அதனால் குப்பை வண்டி வாரம் ஒருமுறைதான் வரும், சில இடங்களில் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் குப்பை உங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறது. அது நாறாமல், புழு வைக்காமல், எலியை அழைக்காமல் இருக்க ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஈரமானது வீட்டு எல்லையைத் தாண்டக் கூடாது, உலர்ந்தது மட்டுமே வண்டி ஏற வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

படி 1: ஒரு வாரம் அளந்து பாருங்கள்

தொட்டி, வாளி எதையும் உடனே வாங்க வேண்டாம். முதல் வாரம் ஈரக் குப்பையை ஒரு பழைய வாளியிலும் உலர்ந்ததை ஒரு சாக்கிலும் போட்டு, தினமும் எத்தனை லிட்டர் சேருகிறது என்று குறித்து வையுங்கள். வீட்டுக்கு வீடு இந்த அளவு மாறும். அளக்காமல் வாங்கிய தொட்டி பெரும்பாலும் சிறிதாகிவிடும். நிரம்பி வழியும் நாளில் பிரிக்கும் பழக்கமும் போய்விடும்.

படி 2: எத்தனை பாத்திரம் வேண்டும்?

சமையலறையில் மூடியுள்ள 5 முதல் 7 லிட்டர் வாளி ஒன்று, ஈரக் குப்பைக்கு. மழை படாத திண்ணையிலோ கொட்டகையிலோ மூன்று சாக்குகள்: தாள் மற்றும் அட்டைக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் ஒன்று. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மூடிய டப்பா, ஆபத்தான பொருட்களுக்கு. சானிட்டரி நாப்கின், டயப்பர் போன்றவற்றுக்கு மூடியுள்ள சிறு தொட்டி தனியாக. அவற்றைத் தாளில் இறுகச் சுற்றி, பிரிப்பவருக்குப் புரியும்படி ஓர் அடையாளம் போட்டு, தனியாகவே கொடுங்கள்.

சாக்குகளை ஆணியில் மாட்டி, அடிப்பக்கம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும்படி விடுங்கள். தரையில் கிடக்கும் சாக்கில் எலி கூடு கட்டும். சாக்கின் மேல் எழுதி ஒட்டுவதைவிட, அந்தச் சாக்குக்குரிய பொருள் ஒன்றையே வெளியே கட்டித் தொங்கவிடுவது நல்லது. பாட்டிக்கும் புரியும், பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் புரியும்.

படி 3: ஈரக் குப்பையை உரமாக்குதல்

இந்தப் படி சரியாக நடந்தால் மற்றவை தானாக எளிதாகும்.

இடம்: கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, மழைநீர் தேங்காத மேட்டில், பாதி நிழலில். தாழ்வான இடத்தில் குழி வெட்டினால் மழைக்காலத்தில் அது சாக்கடையாகும். அதனால் தரைக்கு மேலே 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் மூங்கில் பட்டையாலோ கம்பி வலையாலோ கூடு கட்டுவதே புதியவர்களுக்கு நல்லது. இரண்டு கூடுகள் வேண்டும். ஒன்று நிரம்பும்போது மற்றது பழுக்கும். அடியிலும் பக்கங்களிலும் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை போடுங்கள். அரை அங்குல ஓட்டை எலிக்குப் போதும், சுண்டெலிக்கு அதற்கும் குறைவான ஓட்டையே போதும்.

அடியில் ஓரடி உயரத்துக்குச் சுள்ளிகள், காற்று புகுவதற்காக. அதன்மேல் தினமும் ஒரு வாளி ஈரக் குப்பை போட்டால், உடனே இரண்டு வாளி காய்ந்த சருகோ வைக்கோலோ போட்டு முழுவதும் மூடுங்கள். இந்த ஒன்றுக்கு இரண்டு கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு வரை வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிமம் அதிகம். எனவே சருகு உதிரும் காலத்திலேயே நாலைந்து சாக்கு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தேடினால் கிடைக்காது.

ஈரம் சரியா என்று கையால் பார்க்கலாம். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள். கூடு முழுக்க நிரம்பியபின் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் பத்து நிமிடம் செருகி எடுத்தால் நன்றாகச் சுட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் குவியல் அவ்வளவு சூடேறாது. அதில் பிழை இல்லை, மெதுவாக மக்கும், அவ்வளவுதான். மூன்று முதல் ஆறு மாதத்தில் கறுத்து, மழை விழுந்த மண்வாசனை வந்தால் உரம் தயார்.

என்ன கெடும், ஏன் கெடும்:

- அழுகிய முட்டை நாற்றம்: காற்று போகவில்லை, ஈரம் கூடிவிட்டது. கிளறிச் சருகு சேருங்கள்.
- மூக்கைச் சுடும் அமோனியா நாற்றம்: தழைச்சத்து மிகுந்துவிட்டது. இதற்கும் சருகுதான்.
- எறும்பு: காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளியுங்கள்.
- தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள்: பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்பவை, மருந்து அடித்துக் கொல்லாதீர்கள். மேலே கனமாகச் சருகு மூடினால் போதும்.

சமைத்த மிச்சத்தைக் கொஞ்சமாக நடுவில் புதைக்கலாம். இறைச்சி, மீன் கழிவைக் கூட்டில் போடாமல் தோட்டத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். நாய், பூனை மலம் காய்கறிக்குப் போகும் உரத்தில் கூடவே கூடாது. பழத்தின் மேல் ஒட்டிய சிறு ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். அது பிளாஸ்டிக், மண்ணில் அப்படியே கிடக்கும்.

படி 4: உலர் குப்பை

சாக்கில் விழும் எதுவும் வெறுமையாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரிலேயே பாக்கெட்டை அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். நல்ல தண்ணீர் செலவழிக்க வேண்டாம். கழுவாத ஒரு பாக்கெட், சாக்கில் உள்ள தாள் முழுவதையும் கெடுத்துவிடும். எண்ணெய் ஊறிய தாளிலிருந்து மறுபடி தாள் செய்ய முடியாது. பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் அதைக் கிழித்து உரக் கூட்டில் போடுங்கள்.

பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காதீர்கள். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். நகத்தளவு துண்டை எந்தப் பிரிப்பவராலும் பொறுக்க முடியாது. அது மண்ணுக்கோ வாய்க்காலுக்கோதான் போகும்.

பளபளக்கும் உறை அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று தெரியவில்லையா? கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே இருந்தால் அலுமினியத் தாள், உலோகச் சாக்குக்கு. மெல்ல விரிந்தால் உலோகப் பூச்சு போட்ட பிளாஸ்டிக். பல அடுக்குகள் ஒட்டிய இந்த உறையை மறுசுழற்சி செய்வது கடினம். ஆகவே அதை மற்ற பிளாஸ்டிக்கோடு கலக்காமல் தனிப் பையில் சேருங்கள்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்கும். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்கிறதே தவிர, உங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. 1 (தண்ணீர் பாட்டில்), 2 (ஷாம்பு, டிடர்ஜென்ட் குப்பி), 5 (உணவு டப்பா) ஆகியவற்றுக்குத்தான் பொதுவாகக் கிராக்கி.

வண்டி எடையால் நிரம்புவதில்லை, இடத்தால் நிரம்புகிறது. எனவே அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டுங்கள். பாட்டிலை நசுக்குவதற்கு முன் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: பிரிப்பது கையாலா, இயந்திரத்தாலா? கையால் என்றால் நசுக்கலாம். எல்லாவற்றையும் கலந்து வாங்கி இயந்திரத்தில் பிரிக்கும் இடத்தில், தட்டையான பாட்டில் தாளோடு போய்ச் சேர்ந்துவிடும்.

படி 5: ஆபத்தான டப்பா

லித்தியம் பேட்டரி வண்டிக்குள் நசுங்கினால் தீப்பற்றும். முனைகளை டேப்பால் ஒட்டி டப்பாவில் வையுங்கள். குழல் விளக்கிலும் சுருள் விளக்கிலும் பாதரசம் உண்டு, உடைக்காமல் அட்டையில் சுற்றுங்கள். உடைந்த கண்ணாடியைக் கனமான தாளில் சுற்றி மேலே எழுதுங்கள், சாக்கைத் தூக்குபவரின் கை அறுபடக் கூடாது. பழைய மருந்து மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள்.

வயல் உள்ள வீட்டில் இன்னொன்று உண்டு: பூச்சிமருந்துக் குப்பி. மருந்து தீர்ந்த அந்த நிமிடமே, கையுறையோடு, குப்பியில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி மூடி, 30 விநாடி நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. காய்ந்துபோன மருந்து பிறகு கழுவினாலும் போகாது. கழுவிய தண்ணீர் கிணற்றோரமோ வாய்க்காலிலோ விழக் கூடாது. பிறகு குப்பியின் அடியில் ஓட்டை போடுங்கள். ஓட்டை இல்லாத குப்பியில் யாராவது எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைத்துவிடுவார்கள், அதனால் உயிர் போகும். இந்தக் குப்பியை மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்க்காமல், தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

படி 6: எரிக்காதீர்கள்

வண்டி வராத வாரம் கை தீப்பெட்டிக்குத்தான் போகும். கொல்லையில் எரியும் தீயில் சூடும் காற்றும் போதாது. பிளாஸ்டிக் முழுதாக எரியாமல் புகையாகும். பி.வி.சி. போலக் குளோரின் உள்ள பொருள் அதில் இருந்தால் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். முறையான எரியுலையில் புகையைக் குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் 2 விநாடி வைத்திருப்பதும், அதற்குப் பிறகு வடிகட்டுவதும் இதனால்தான். டையாக்சின் புல்லில் படியும், மாடு மேயும், பால் கொழுப்பில் சேரும். அந்தப் பாலை நாமும் நம் பிள்ளைகளும்தான் குடிக்கிறோம். எளிதில் சிதையாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்த 2001-இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையும் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை டையாக்சின் உண்டாகும் வழிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

ஈரம் ஏற்கெனவே உரக் கூட்டுக்குப் போயிருந்தால், எஞ்சியது காய்ந்த பொருள் மட்டுமே. அது இன்னும் ஒரு வாரம் கிடந்தாலும் கெடாது, எரிக்கவும் அவசியம் வராது.

படி 7: வண்டி வரும் நாள்

வண்டி வீடுவரை வராவிட்டால், நாலைந்து வீடுகள் சேர்ந்து பாதை முனையில் இடுப்புயர மேடையும் மேலே கூரையும் போடலாம். சாக்கை முந்தின இரவே வைக்காதீர்கள், காலையில் வையுங்கள். இரவில் நாய் கிழிக்கும், விடியலில் மாடு மேயும். மாட்டின் வயிற்றில் போன பிளாஸ்டிக் செரிக்காது, எளிதில் வெளியேறவும் செய்யாது. உருண்டு திரண்டு இரைப்பையை அடைத்துவிடும்.

ஒரு சாக்கு 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. உலோகமும் கண்ணாடியும் உள்ள சாக்கைப் பாதியோடு கட்டுங்கள். வண்டியில் வருபவரிடம் எந்தச் சாக்கில் என்ன என்று சொல்லி, அவர் எதைத் திருப்பித் தருகிறார் என்று கவனியுங்கள். திரும்பி வந்த பொருளை ஆணிக்கு மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதத்தில் அந்தத் தாள்தான் உங்கள் ஊருக்கான சரியான பட்டியல்.