ரோமானிய வெண்கலக் காசில் இருப்பது எந்தத் தெய்வம்? கையைப் பாருங்கள்

தேய்ந்த ரோமானிய வெண்கலக் காசு கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது முகத்தை. பின்பக்கத்தில் நிற்கும் தெய்வத்துக்கோ பெரும்பாலும் முகமே மிஞ்சியிருக்காது. நான் கைகளிலிருந்துதான் தொடங்குவேன்.

மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். எலுமிச்சை, வினிகர், பாலீஷ் எதுவும் வேண்டவே வேண்டாம். களிம்பை உரித்தால் உருவமும் கூடவே உரிந்து போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள், போதும். வெளிறிய பச்சைத் தூள் உதிர்ந்தால் அது அரிப்பு நோய். அந்தக் காசை உடனே தனியே பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள்.

இனி கைகள். சுக்கானும் வளமைக் கொம்பும் (பழங்கள் நிரம்பி வழியும் கொம்பு) இருந்தால் அதிர்ஷ்டத்தின் ஃபோர்ச்சூனா. கிண்ணத்திலிருந்து பாம்புக்கு ஊட்டுகிறவள் உடல்நலத்தின் சாலுஸ். இடி ஆயுதமும் செங்கோலும் தெய்வங்களின் அரசன் ஜூபிட்டருக்கு. சூலமும் டால்ஃபினும் கடல் தெய்வம் நெப்டியூனுக்கு. பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பாவின் தலை பொறித்த செப்புக் காசின் பின்பக்கத்தில் நெப்டியூனைப் பார்க்கலாம். ஒரு கையில் பூவைப் பிடித்து, மறு கையால் சேற்றைத் தாண்டுகிறவள்போல் பாவாடை நுனியைத் தூக்கியிருப்பவள் ஸ்பேஸ், அதாவது நம்பிக்கை. எனக்கு மிகவும் பிடித்தவள் இவள்தான். எவ்வளவு தேய்ந்தாலும் அந்த நிற்கும் தோரணை காட்டிக்கொடுத்துவிடும்.

என்னிடம் உள்ள பேரரசர் கான்ஸ்டன்டைன் காசு ஒன்றில் எழுத்துகளில் பாதி இல்லை. உயர்த்திய வலக்கை தெரிகிறது. இடக்கையில் ஒரு சிறு குமிழ், அது உலக உருண்டை. தோளிலிருந்து தொங்கும் மேலாடை. சூரியக் கடவுள் சோல் என்று சொல்ல இவ்வளவு போதும். காலடிக் கோட்டுக்குக் கீழே 'பி டி ஆர்' (PTR) என்ற நாணயச் சாலைக் குறி இருப்பதால், அடித்த இடம் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர் நகரம்.

ஒரு எச்சரிக்கை. முன்பக்கத் தலையில் கதிர் முடியைக் கண்டதும் சூரியன் என்று எழுதிவிடாதீர்கள். அது பேரரசர்தான். நீரோ காலத்திலிருந்து இரண்டு ஆஸ் (ரோமானியரின் அடிப்படைச் செப்புக் காசு) மதிப்புள்ள டுபோண்டியஸ் காசை அடையாளம் காட்ட அந்த முடி பயன்பட்டது.

பேரரசர்களுக்கு முந்தைய குடியரசுக் காலக் காசுகளில் வேலை எளிது. இரட்டை முக ஜானுஸ் என்றால் ஆஸ். நான்கு புள்ளிகளும் தலைக்கவசம் அணிந்த தெய்வம் மினர்வாவும் இருந்தால் ஆஸில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று புள்ளிகளும் ஹெர்குலிஸும் என்றால் கால் பங்கு. பின்பக்கத்தில் பெரும்பாலும் கப்பலின் முன்பகுதிதான்.

கை பார்த்தும் தீராத வழக்கு ஒன்று உண்டு. நீதியின் ஏக்விதாஸ், நாணயச் சாலையின் மொனேட்டா, இருவருக்கும் அதே தராசு, அதே வளமைக் கொம்பு. விளிம்பு எழுத்து மட்டுமே பிரித்துச் சொல்லும். எழுத்தும் தேய்ந்திருந்தால் காசின் உறையில் இரண்டு பெயரையும் எழுதி, நடுவில் 'அல்லது' போட்டுவிடுகிறேன்.