மழலை வகுப்பு ஆசிரியைகள் உடை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கப் போகிறது என்றதும் துணிக்கடைக்குக் கிளம்பும் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. ஆசிரியைகள் பலரும் செய்யும் முதல் தவறு, கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்து உடையை முடிவு செய்வது. நின்று பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மழலை வகுப்பில் அப்படி நேராக நிற்கும் நேரம் ரொம்பக் குறைவு. பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். ஷூ லேஸ் கட்டிவிடக் குனிய வேண்டும். அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். போர்டின் மேல்மூலையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குட்டிக் கை முந்தானையை இழுக்கும்.

அதனால் ட்ரயல் ரூமில் சுடிதார் டாப்பைப் போட்டதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். குத்துக்காலிட்டு உட்காருங்கள். அப்படியே முன்னால் குனிந்து கண்ணாடியைப் பாருங்கள். கழுத்து எவ்வளவு இறங்குகிறது, பக்கவாட்டு ஸ்லிட் எதுவரை ஏறுகிறது, அக்குள் பிடிக்கிறதா என்பதெல்லாம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஏ-லைன் டாப்பும் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த காட்டன் பேன்ட்டும் இந்த வேலைக்குப் பொருந்துவதுபோல வேறு எதுவும் பொருந்துவதில்லை. தரையைத் தொடும் பலாஸோ படியில் தடுக்கும். கையில் பிள்ளை இருக்கும்போது தடுக்கி விழுவது இருவருக்கும் ஆபத்து. டெய்லரிடம் தைக்கக் கொடுப்பவர்கள் பக்கத்தில் ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். சாக்பீஸ், கைக்குட்டை, பிள்ளையிடம் பிடுங்கிய பென்சில் ஷார்ப்னர் என்று அதற்குள் போட ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்த தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது குழந்தையின் உடம்போடு சம்பந்தப்பட்டது. இப்போது மணியும் கல்லும் வைத்துத் தைக்கும் ஆரி வொர்க் இல்லாத ப்ளவுஸைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. கல்யாணத்துக்குத் தைத்த ப்ளவுஸ் பீரோவில் சும்மா கிடக்கிறதே என்று பள்ளிக்கும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கும்போது அதன் கன்னம் எங்கே வந்து படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். சரியாக உங்கள் தோளிலும் கைமேலும். கல், குந்தன், ஜர்தோசிக் கம்பி எல்லாம் அந்த மெல்லிய தோலைக் கீறிவிடும். நூல் தளர்ந்து ஒரு மணி கீழே விழுந்தால், பெருக்குகிற அம்மா கண்ணில் படுவதற்கு முன் மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணில் பட்டுவிடும். அடுத்து அது போகும் இடம் வாய், மூக்கு அல்லது காது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை: மணியும் கல்லும் வைத்த எதையும் மழலை வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது.

ஊக்கும் அப்படித்தான். முந்தானை மடிப்பைத் தோளில் குத்தும் ஊக்கின் முனை வெளிப்பக்கம் இருந்தால் பிள்ளையின் நெற்றியில் உரசும். ப்ளவுஸின் உட்பக்கமாக, துணி மடிப்புக்குள் மறையும்படி குத்துங்கள்; வேலைப்பாடு வைத்த பெரிய புடவைப் பின் வேண்டாம். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போடாமல் இரண்டு தோளிலும் குத்திவிடுங்கள், யாராவது இழுத்தால் கழுத்து இறுகாது. ஜிமிக்கி, தொங்கட்டான் கைக்கெட்டும் தூரத்தில் ஆடினால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. காது கிழிந்தால் தையல் போட வேண்டிவரும். சின்னத் தோடு போதும். கூர்முனை மோதிரமும் உடைகிற கண்ணாடி வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொள்வதில் தவறில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நெடியடிக்கும் சென்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். வீசிங் உள்ள பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும்.

துணி விஷயத்துக்கு வருவோம். இஸ்திரி போட வேண்டாம், கசங்காது என்று சின்தடிக் புடவை எடுப்பவர்களின் கஷ்டம் புரிகிறது. காலையில் வீட்டு வேலையை முடித்து, தன் பிள்ளையையும் கிளப்பி, எட்டரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டியவருக்கு கஞ்சி போட்ட காட்டன் புடவை பெரிய சுமை. ஆனால் ஜூன், ஜூலை வெயிலில், ஒரே ஒரு மின்விசிறி ஓடும் வகுப்பில், பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கஞ்சியும் வேண்டாம், புழுக்கமும் வேண்டாம் என்றால் நடுவில் வழி இருக்கிறது. மல் காட்டன் என்ற மெல்லிய பருத்தித் துணி கஞ்சி இல்லாமலே நன்றாக விழும். புள்ளி போட்ட சின்னாளப்பட்டி சுங்குடி சேலைகள் விலையும் குறைவு, தண்ணீரில் அலசிப் போட்டால் போதும். அந்தச் சின்னச் சின்னப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கிரேயான் கோடோ சாம்பார்த் துளியோ விழுந்தால் தேடினாலும் கிடைக்காது. பிளெயின் புடவையில் அதே துளி சாயங்காலம்வரை எல்லோர் கண்ணிலும் படும். கறுப்பும் கருநீலமும் அழுக்கை மறைக்கும் என்பது சாக்பீஸ் பிடிக்கும் ஆசிரியைக்குப் பொருந்தாது. பதினோரு மணிக்கெல்லாம் முந்தானை வெள்ளை பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காட்டன் காயவே காயாது என்பதும் உண்மை. அந்த இரண்டு மாதத்துக்காகப் பாலியஸ்டர் கலந்த காட்டன் புடவை இரண்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடைக்காரர் ‘ப்யூர் காட்டன்’ என்றால் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் ஒன்றை வீட்டுக்கு வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான சின்ன உருண்டையாகத் திரண்டு நிற்கும். சாயத்தைக் கடையிலேயே சோதிக்கலாம்: வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்துப் புடவையின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வாங்காதீர்கள். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் மோசமான சாயம் நிற்காது. காட்டன் சுடிதார் மெட்டீரியலை நனைத்துக் காயவைத்த பிறகுதான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் அலசலிலேயே சுருங்கி, அளவெடுத்துத் தைத்ததெல்லாம் வீணாகும்.

விலையை மட்டும் பார்த்து ‘மலிவு’ என்று நினைப்பதும் சம்பளம் குறைந்த ஆசிரியைகளை அடிக்கடி ஏமாற்றுகிறது. 600 ரூபாய்ப் புடவைக்கு லைனிங் ப்ளவுஸ் தைக்கும் கூலி, ஃபால்ஸ், பீக்கோ எல்லாம் சேர்ந்தால் புடவை விலையை நெருங்கிவிடுகிறது. ஒவ்வொரு புடவைக்கும் தனி ப்ளவுஸ் என்ற கணக்கையே விட்டுவிடலாம். மெரூன், கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, கறுப்பு என நான்கு பிளெயின் காட்டன் ப்ளவுஸ் நல்ல அளவில் தைத்து வைத்துக்கொண்டால் எட்டுப் புடவைக்கு மாற்றி மாற்றிப் போடலாம். கைக்குழி தாராளமாக இருக்கட்டும்; உள்ளே ஓர் அங்குலம் பிரிக்கிற மாதிரி துணி விடச் சொல்லுங்கள். ட்ரை வாஷுக்குத்தான் போட வேண்டும் என்ற புடவை 400 ரூபாய்க்குக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு அது விலை அதிகம்தான்.

வாங்குவதற்கு முன்னால் பள்ளியில் கேட்க மறப்பவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை ஆணையில் புடவையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் இடம்பெற்றன. இருந்தாலும் தனியார் பள்ளிகள் பலவற்றில் இன்னும் புடவை மட்டும்தான், சிலவற்றில் அதன்மேல் கோட்டும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் யூனிஃபார்ம் புடவை என்றால் உங்களுக்குத் தேவைப்படும் சொந்தப் புடவைகளின் எண்ணிக்கையே மாறிவிடும். வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். புடவை மட்டும் என்கிற பள்ளியில், மழலை வகுப்புக்காவது சுடிதாருக்கு அனுமதி கேட்டு ஆசிரியைகள் சேர்ந்து தாளாளரிடம் பேசலாம். அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

புது ஆசிரியைகளிடம் நான் பார்க்கும் இன்னொரு தவறு, பெற்றோர் மதிக்க வேண்டும் என்று விலை உயர்ந்ததாக உடுத்துவது. மூக்கு ஒழுகிக்கொண்டு, கையெல்லாம் போஸ்டர் கலருமாக ஒரு பிள்ளை ‘மிஸ்’ என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது, உங்கள் கை அதை அணைக்கப் போகிறதா, புடவையை இழுத்துக்கொள்ளப் போகிறதா? இழுத்துக்கொள்ள வைக்கும் புடவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மழலை வகுப்புக்கு உரியதல்ல. சுத்தமாக, கசங்காமல், பொருந்தும் அளவில் இருந்தாலே பெற்றோர் மதிப்பார்கள்.

கறைக்கும் தயாராக இருங்கள். ஃபெவிகாலும் போஸ்டர் கலரும் காய்வதற்குள் தண்ணீரில் அலசினால் போய்விடும், காய்ந்தால் பாடுதான். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் கறை நின்றுவிடும். கிரேயானில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்லும் நாம் நமக்கென்று ஒன்று வைத்துக்கொள்வதில்லை. ஒரு பிள்ளை மேலே வாந்தி எடுத்துவிட்டால் மூன்றரை மணிவரை அப்படியே இருக்க வேண்டியதில்லை. பழைய சுடிதார் ஒரு செட்டை வகுப்பு அலமாரியில் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

செருப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. குதிகால் உயரம் வேண்டாம், அடிப்பாகம் வழுக்கக் கூடாது, வகுப்பு வாசலில் குனியாமல் கழற்றிப் போட முடிய வேண்டும்.

மொத்தமாக எடுப்பதானால் பள்ளி திறக்கும் நேரத்து அவசரத்தில் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். மூன்று உடைகளோடு தொடங்குங்கள். ஒரு மாதம் போனால் எது அடிக்கடி கைக்கு வருகிறது, எது பீரோவிலேயே தங்குகிறது என்று தெரிந்துவிடும். மிச்சத்தை ஆடித் தள்ளுபடியிலோ, தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸ் தரும் தள்ளுபடியிலோ எடுத்துக்கொள்ளலாம்.