வெளிவாரியாகப் படிப்பவர்களுக்கு: எதை வேகமாக வாசிப்பது, எங்கே நின்று வாசிப்பது

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வேலை செய்துகொண்டே வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் முடித்தேன். வரலாறும் அரசியல் விஞ்ஞானமும் என் பாடங்கள். இப்போது எங்கள் தோட்டத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பேராதனைக்கும் திறந்த பல்கலைக்கழகத்துக்கும் பதிந்திருக்கிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், இவ்வளவையும் எப்படி வாசித்து முடிக்கிறது?" கூடவே போனில் ஒரு வீடியோவையும் காட்டுவார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சொல், இரண்டாயிரம் சொல் வாசிக்கலாம் என்று அதில் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஆனால் வேக வாசிப்பு என்று சொல்லப்படுகிற முறைகளில் சில உண்மையிலேயே நமக்கு உதவும். எந்தப் பக்கத்தில் நின்று மெதுவாக வாசிக்க வேண்டும் என்று சீக்கிரமாகக் கண்டுபிடிப்பதற்கு அவை உதவும். விரிவுரை கிடையாது, வேலைக்கும் போகவேண்டும், இரவில் இரண்டு மணித்தியாலம்தான் கிடைக்கிறது என்று இருக்கிற நமக்கு அதுவே பெரிய உதவி.

முதலில் கண் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நிற்கும், அப்புறம் தாவும், மறுபடி நிற்கும். நிற்கிற இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள்தான் தெளிவாகத் தெரியும். பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் பிடிப்பது கண்ணால் ஆகிற காரியம் இல்லை. எவலின் வூட் என்ற அமெரிக்க ஆசிரியை 1959இல் தொடங்கிய வேக வாசிப்பு வகுப்புகள் உலகம் முழுக்கப் பெயர் வாங்கின. ஆனால் கீத் ரெய்னர் முதலிய ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து எழுதிய கட்டுரை 2016இல் வந்தது. வேகம் ஏறினால் விளக்கம் குறையும் என்பதுதான் அதன் முடிவு. ஒருவரின் வாசிப்பு வேகத்தைக் கூட்டுவது கண் பயிற்சி இல்லை, மொழியறிவும் விஷய அறிவும்தான் என்றும் அதில் சொன்னார்கள். இந்த இரண்டாவது விஷயத்தைப் பிறகு விளக்குகிறேன்.

உங்கள் வேகத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள். ஆங்கிலத்தில் கட்டுரை நூல்களை வாசிக்கிற வளர்ந்தவர்களின் சராசரி நிமிடத்துக்கு 238 சொல் என்று மார்க் பிரைஸ்பேர்ட் என்ற ஆய்வாளர் 2019இல் கணக்கிட்டார். அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே எடுக்கக்கூடாது. வேற்றுமை உருபு, காலம், இடம் எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளம், எண்ணிக்கை குறையும். ஆகவே சொல்லை விட்டுவிட்டு வரியை எண்ணுங்கள். போனில் ஐந்து நிமிடம் வைத்து, உங்கள் மொடியூலில் (பல்கலைக்கழகம் தருகிற பாடநூலில்) இதுவரை பார்க்காத ஒரு பகுதியை வழக்கம்போல வாசியுங்கள். மணி அடித்ததும் வரிகளை எண்ணிக் குறித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வாசித்ததில் நினைவிருப்பதை எழுதுங்கள். வரி எண்ணிக்கை அளவையின் ஒரு பாதிதான், நினைவிலிருந்து எழுதியது மறு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத வேகம் எதற்கும் உதவாது.

புத்தகத்துக்கு முன்னால் பாஸ்ட் பேப்பர்

பலரும் மொடியூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். பரீட்சை மாதம் வரும்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பார்கள். அப்படிச் செய்யாமல், கிடைக்கிற கடந்தகால வினாத்தாள்கள் எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுத்து மேசையில் பரப்புங்கள். எந்தத் தலைப்பில் எந்த வருடம் என்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே தலைப்பு வெவ்வேறு வடிவத்தில் திரும்பத் திரும்ப வருவது அப்போது தெரியும்.

அடுத்தது அத்தியாயத்தை மேலோட்டமாகப் பார்ப்பது. இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். தலைப்பு, உபதலைப்புகள், முதல் பந்தி, கடைசிப் பந்தி, அட்டவணை, தடித்த எழுத்து, ஆண்டுகள். இடையில் இருப்பதை வாசிக்க ஆசை வரும்; வாசிக்கக் கூடாது. இந்தப் பத்து நிமிடத்தின் நோக்கம் கேள்விகளைச் சேகரிப்பது மட்டும்தான். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் மாணவர்களுக்குச் சொன்ன ஒழுங்கும் இதுதான்: மேலோட்டம், கேள்வி, வாசிப்பு, ஒப்புவிப்பு, மீட்டல்.

மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். பக்கங்களைப் புரட்டும்போதே இரண்டு எண்கள் கண்ணில் படும். 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது 7 ஆசனம். 1952இல் அதற்கு ஓர் ஆசனமும் இல்லை. ஐந்து வருடத்துக்குள் என்ன நடந்தது? அவ்வளவுதான், உங்கள் கேள்வி கிடைத்துவிட்டது. இப்போது அத்தியாயத்துக்குள் போனால் கண் தானாகவே 1948, 1949 என்ற ஆண்டுகளைத் தேடும். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வஜன வாக்குரிமை கொண்டுவந்த பகுதியைப் பின்னணி என்று எடுத்துக்கொண்டு வேகமாகத் தாண்டும். கேள்வி இல்லாமல் உள்ளே போகிறவருக்கு எல்லாப் பந்தியும் ஒரே அளவு முக்கியமாகத் தெரியும், அதனால்தான் எல்லாவற்றுக்கும் கோடு கீறுகிறார்.

தமிழ் வசனத்தின் கடைசியில் கண் நிற்கவேண்டும்

வீடியோக்களில் சொல்லித்தருகிற முறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக உண்டாக்கியவை. 'வரியின் நடுப்பகுதியை மட்டும் பாருங்கள்', 'முதல் சில சொற்களைப் பார்த்தால் போதும்' என்பார்கள். தமிழில் அப்படிச் செய்தால் விபரீதம் நடக்கும். நம் வசனத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆம், இல்லை என்பது அந்தக் கடைசிச் சொல்லில், பல நேரம் அதன் விகுதியில் இருக்கிறது. இந்த வசனத்தைப் பாருங்கள்:

'1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையை நேரடியாகப் பறித்த சட்டமென்று கூறிவிட முடியாது.'

கடைசி இரண்டு சொல்லை விட்டுவிட்டு வாசித்தவர் நேர் எதிரான விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போவார். 1948 சட்டம் பிரஜை யார் என்று வரையறுத்தது. பிரஜை அல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க வழிசெய்தது 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். இந்த வேறுபாட்டை எழுதுகிறவருக்கும் எழுதாதவருக்கும் புள்ளியில் பெரிய வித்தியாசம் வரும்.

ஆகவே தமிழில் நான் சொல்லிக்கொடுக்கிற முறை இது. மூடிய பேனையை வரிக்குக் கீழே சீராக நகர்த்துங்கள். வசனத்தின் நடுவில் வருகிற அடைமொழிகளையும் அடுக்கடுக்கான பெயர்களையும் பேனை வேகமாகத் தாண்டட்டும். முற்றுப்புள்ளிக்கு முந்திய இரண்டு மூன்று சொற்களில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். பந்தியின் தொடக்கத்தில் 'எனினும்', 'மாறாக', 'ஆயினும்' என்று வந்தால் அந்தப் பந்தி முழுவதையும் மெதுவாக வாசியுங்கள். ஆசிரியர் திரும்புகிற இடம் அது. 'உதாரணமாக' என்று தொடங்குகிற பந்தியில் முதல் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தாண்டலாம்.

பேனையை நகர்த்துவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. களைத்துப்போய் உட்கார்ந்து வாசிக்கிறவருக்குக் கவனம் வரியை விட்டுப் போகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். மூன்றாம் கை போட்டோ கொப்பியில் எழுத்து மங்கி இருக்கும்போதும் வரி மாறிப்போகாது.

மனதுக்குள் கேட்கிற வாசிப்புக் குரலை அடக்கச் சொல்கிறார்களே என்று பலர் கேட்கிறார்கள். அடக்க வேண்டாம். சிக்கலான விஷயத்தை விளங்கிக்கொள்ள அந்தக் குரல் தேவை. உதடு அசைவதை மட்டும் நிறுத்துங்கள். நாமெல்லாம் 'சத்தம் போட்டுப் படி' என்று வளர்ந்தவர்கள், அதனால் இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் லயத்துக் காம்பராவில், காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு) போகவேண்டியவர்கள் படுத்திருக்கும்போது சத்தம் போட்டும் படிக்க முடியாது. வாய்க்குள் ஒரு சீரகத்தையோ கிராம்பையோ வைத்துக்கொண்டு வாசியுங்கள், பழகிவிடும்.

வாசித்த வரிக்கே திரும்பிப் போகிற பழக்கத்தையும் மொத்தமாகக் குற்றம் சொல்லமாட்டேன். யோசனை எங்கோ போய்விட்டதால் திரும்பினால் அது நேர விரயம். வாசித்த வரிகளை ஒரு அட்டைத் துண்டால் மூடிக்கொண்டே வாருங்கள். விளங்காததால் திரும்பினால் தாராளமாகத் திரும்புங்கள்.

மெதுவாக மட்டுமே வாசிக்க வேண்டியவை என்று சில உண்டு: வரைவிலக்கணம், சட்டப் பிரிவு, கோட்பாட்டு விளக்கம், எண்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், பிரஜாவுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினர் மொத்தம் 975,000 பேர். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 150,000 பேரைப் பிறகு தீர்மானிப்பது. அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். இப்படியான பந்தியைப் பேனையால் ஓட்டிவிட்டால் ஒன்றும் தங்காது. நின்று, தாளில் சிறு அட்டவணையாகப் போடுங்கள். அளவையியல், புள்ளிவிபரவியல், கணக்கியல் படிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி பொருந்தாது. அங்கே கணக்கைச் செய்து பார்ப்பதுதான் வாசிப்பு.

சரி, விஷய அறிவுதான் வேகம் என்று சொன்னேன் அல்லவா? ஒரு தலைப்பு புதிது என்றால் மொடியூலைத் திறக்கும் முன் அதையே எளிமையாகச் சொல்கிற ஒன்றை வாசித்துவிடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பத்தாம், பதினோராம் தர வரலாற்றுப் புத்தகங்கள் எந்த வீட்டிலும் இருக்கும், தம்பியின் புத்தகப் பையிலேயே கிடைக்கும். நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்டிக்குப் போய்த் தேட வேண்டிய பலவற்றை அங்கே இறக்கிக்கொள்ளலாம். ஆங்கில உசாத்துணை வந்தால் சுருக்கம், முன்னுரை, முடிவுரை மூன்றையும் முதலில் வாசியுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்க்காமல், ஒரே சொல் மூன்றாவது முறை வந்தால் மட்டும் பாருங்கள். உங்கள் பாடத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஆங்கிலச் சொற்கள் அப்படியே சேர்ந்துவிடும்.

மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்வது

எழுதுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள்தான் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். நமக்குப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே அரை மணித்தியாலம் வாசித்தால் பத்து நிமிடம் கொப்பியை மூடிவைத்து எழுதுங்கள். அடுத்த நாள் வாசிக்கத் தொடங்கும் முன் நேற்றையதை ஐந்து வரியில் எழுதுங்கள். ஒரு வாரம் போனதும் அதே தலைப்பில் ஒரு பாஸ்ட் பேப்பர் கேள்விக்கு முழு விடை எழுதுங்கள். விட்டுப்போனது எதுவோ அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி திறந்தால் போதும்.

நம் பக்கத்து நிலைமைக்குச் சில விஷயங்கள். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன் போகிற பஸ்ஸில் வாசிக்க முயலாதீர்கள், அந்த வளைவுகளில் தலைசுற்றும். அது நினைவுபடுத்திப் பார்க்கிற நேரம்: கண்ணை மூடிக்கொண்டு ஓர் அத்தியாயத்தின் உபதலைப்புகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பேராதனைக்கு ரயிலில் போகிறவர்கள் குறிப்புத் தாளைப் பார்க்கலாம். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, போனில் மட்டும் பிடிஎப் வைத்திருப்பவர்கள் முக்கியமான அத்தியாயங்களையாவது அச்சில் எடுத்து வையுங்கள். போனில் வாசிப்பதானால் மேலும் கீழும் இழுத்துக்கொண்டே போகாமல் பக்கம் பக்கமாகத் திருப்புகிற அமைப்பில் வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்ற ஞாபகம் அப்போதுதான் நிற்கும்.

பெண்பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்லவேண்டும். வீட்டு வேலை முடிந்து மிஞ்சுகிற நேரத்தில் படிக்கலாம் என்று இருந்தால் நேரம் மிஞ்சாது. எந்த ஒரு மணித்தியாலம் உங்களுடையது என்று வீட்டில் முதலே சொல்லி வையுங்கள். அம்மாமார் விளங்கிக்கொள்வார்கள். கொழுந்து எடுத்த கையோடு வந்து சோறு ஆக்குகிற அவர்கள்தான் நம்மைப் படிக்கச் சொல்லி அனுப்பியவர்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். தலைப்புக்கு ஒரு தாள் என்று நீங்களே எழுதியதை மட்டும் பாருங்கள். மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வந்ததும் பேனையை ஒவ்வொரு சொல்லாக வைத்து வாசியுங்கள். 'விபரிக்க', 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக' என்ற சொற்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். அவையும் வசனத்தின் கடைசியில்தான் இருக்கும். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து கேள்வி என்றால், கேள்விகளைத் தெரிவு செய்யப் பத்து நிமிடம் போக, ஒவ்வொன்றுக்கும் 34 நிமிடம் வரும். அந்த நேரங்களை வினாத்தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு முதல் விடையைத் தொடங்குங்கள்.