கருந்திட்டை மட்டும் உடைத்து எடுக்காதீர்கள்

போன மாதம் விளவங்கோடு பக்கம் ஒரு கல் குவாரிக்கு முதுகலை மாணவர்கள் நான்கு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். வரிவரியான சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும் சார்னோகைட் திட்டுகள். அரை மணி நேரத்தில் நான்கு பைகளும் நிறைந்துவிட்டன. நான்கிலும் கருந்திட்டு மட்டும். இருபது வருடம் முன்பு நான் செய்த அதே தவறு. கண்ணாடி போடு, நோட்டில் எழுது என்பதை எல்லோரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் களத்தில் நாம் செய்யும் ஒரு தவறு.

மாறியதை மட்டும் எடுப்பது

அந்தத் திட்டு எங்கிருந்தோ வந்த பாறை இல்லை. பக்கத்து நைஸேதான் மாறியிருக்கிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில், 700 டிகிரி தாண்டிய சூட்டில், பயோட்டைட் என்ற கருப்பு மைக்காவும் குவார்ட்ஸும் வினைபுரிந்து, நீரில்லாத கனிமங்களான ஹைபர்ஸ்தீனும் பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரும் உண்டாயின. பயோட்டைட்டில் இருந்த நீர் வெளியேறியது.

ஏன் இங்கே மட்டும், ஒரு முழம் தள்ளி இல்லை? விரிசல் வழியாகவோ ஷியர் (பாறை இழுபட்டு நழுவிய பட்டை) வழியாகவோ கரியமில வாயு மிகுந்த பாய்மம் ஏறி வந்து நீரின் பங்கைக் குறைத்திருக்கலாம். பாறை கொஞ்சம் உருகி, அந்த உருகல் நீரை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எது என்பதற்கான தடயம் எல்லையில் இருக்கிறது. நைஸின் வரிகள் திட்டுக்குள் தொடர்கின்றனவா, மங்குகின்றனவா? இரண்டு பக்க வேதியியலும் எவ்வளவு ஒத்துப்போகிறது?

இருபது வருடம் முன்பு நான் எடுத்தது ஏழு துண்டு, ஏழும் கருப்பு. கைக்காசு போட்டு, நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய சீவல் வெட்டி, பகுப்பாய்வும் செய்தேன். "சரி, இது எதிலிருந்து மாறியது?" என்று ஆய்வு வழிகாட்டி கேட்டார். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. திரும்பிப் போனால் அந்தப் பாறை முகத்தையே வெடி வைத்து எடுத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர் தேங்கிய குழிதான் இருந்தது. "சாரே, அடுத்த வாரம் இந்தப் பக்கம் வெடி உண்டு" என்று குவாரிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் போனது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

வெளிறிய நைஸ் ஒன்று, கருப்பு ஒன்று, எல்லையைக் குறுக்கே தாண்டும் துண்டு ஒன்று எடுங்கள். மூன்றாவதை எடுக்காமல் இறங்காதீர்கள். உடைக்கும் முன்பே வடக்கையும் சாய்வையும் கல் மேல் குறியுங்கள். குறிக்காத சீவலில் ஷியர் எந்தத் திசையில் நகர்ந்தது என்று சொல்லவே முடியாது.

பாய்மம் என்றாலே தண்ணீர் என்பது

கரியமில வாயுவும் உண்டு, உப்பு செறிந்த கரைசலும் உண்டு. அதற்காகக் குவார்ட்ஸில் கரியமிலக் குமிழியைக் கண்டதும் துள்ள வேண்டாம். படிக எல்லைகளைத் தாண்டி வரிசையாக ஓடும் குமிழிகள் பிற்பாடு விரிசல் மூடியபோது சிக்கியவை.

சூடும் ஆழமும் போதும் என்பது

நார்வேயின் ஹோல்ஸ்னோய் தீவில் கிரானுலைட் என்ற வறண்ட பாறையும், அதிலிருந்து மாறிய எக்லோகைட்டும் அருகருகே கிடக்கின்றன. இரண்டும் ஒரே ஆழத்துக்குப் போனவை. பாறை விரிசல் விட்டு, நீர்ப் பாய்மம் நுழைந்த இடம் எக்லோகைட் ஆனது. வறண்ட பகுதி கிரானுலைட்டாகவே நின்றுவிட்டது. 1987இல் புவியியலாளர் ஆஸ்ட்ரைம் இதை எழுதினார்.

வெயில் காய்ந்த முகத்தைப் படிப்பது

உடைத்துப் புது முகத்தைப் பாருங்கள்.

வெளிறியதெல்லாம் மாறாத பழைய நைஸ் என்பது

பாறை மேலே ஏறும்போது அதே விரிசல் வழியாக நீர் மறுபடி வரலாம். அப்போது ஹைபர்ஸ்தீனைச் சுற்றிப் பயோட்டைட் வளரும், கருப்பு திரும்ப வெளிறும். போன மாதம், அன்று மாலையே மாணவர்கள் நால்வரையும் மீண்டும் அந்தக் குவாரி முகத்துக்கு அழைத்துப் போனேன். எல்லைத் துண்டு எடுக்கும்போது ஒரு மாணவி, கருந்திட்டை அறுத்துக்கொண்டு போன விரல் அகல வெளிர்க்கோட்டைக் காட்டினாள். அந்தத் துண்டு இப்போது சீவல் வெட்டப் போயிருக்கிறது.