கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும்போது அளவையும் தரத்தையும் சரிபார்ப்பது எப்படி? பங்கர் சர்வேக்குப் புதியவர்களுக்கான செய்முறை

பங்கரிங் (கப்பலுக்கு எரிபொருள் ஏற்றுவது) முடிந்து, எண்ணெய் கொண்டுவந்த பார்ஜ் படகு கிளம்பிப் போன பிறகு, "எண்ணெய் 15 டன் குறைகிறது" என்று சீஃப் இன்ஜினியர் சொன்னால் அந்தப் பேச்சு எடுபடாது. சப்ளையரிடம் கப்பல் முத்திரையோடு கையெழுத்தான ரசீது இருக்கும். கப்பலிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே. ஒரு பயணத்தின் செலவில் எரிபொருள்தான் பெரும்பங்கு என்பதால், இரு தரப்பிலும் சேராத ஒருவர் இடையில் நின்று அளந்து, சாம்பிள் எடுத்து, எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அவர்தான் பங்கர் சர்வேயர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகவும், சர்வேயர் என்ன செய்கிறார் என்று அருகில் நின்று பார்க்கும் இளம் இன்ஜினியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பம்ப் ஓடத் தொடங்கும் முன் செய்யும் வேலைதான் இந்த சர்வேயின் உயிர். அதில் விட்ட பிழையைப் பிறகு எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது.

படி 1: காகிதமும் கருவியும்

கப்பலுக்குப் போகும் முன் ஆர்டர் உறுதிச் சீட்டை வாங்கிப் படியுங்கள். எந்த கிரேடு, எத்தனை டன், சல்ஃபர் வரம்பு எவ்வளவு, புகார் செய்ய எத்தனை நாள் கெடு என்பதெல்லாம் அதில் அல்லது சப்ளை ஒப்பந்தத்தில் இருக்கும். சல்ஃபரைப் பொறுத்தவரை 2020 ஜனவரி 1 முதல் உலகெங்கும் 0.50 சதவீதம்தான் வரம்பு. உமிழ்வுக் கட்டுப்பாட்டுக் கடற்பகுதிகளில் 2015 முதலே 0.10 சதவீதம். புகையிலிருந்து சல்ஃபரை நீக்கும் ஸ்க்ரப்பர் பொருத்திய கப்பல் மட்டும் கூடுதல் சல்ஃபர் உள்ள எண்ணெயை வாங்கலாம்.

டேப், தெர்மாமீட்டர், நீர் காட்டும் பேஸ்ட், சாம்பிள் பாட்டில், சீல் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். பார்ஜில் கொடுக்கும் டேப்பை வாங்கி அளக்காதீர்கள். நுனிக் குண்டு மாற்றப்பட்டிருக்கலாம். டேப் நடுவில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கலாம். உங்கள் கருவிகளின் காலிபரேஷன் சான்றிதழும் பையில் இருக்க வேண்டும். சட்டையில் எச்.டூ.எஸ். (ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு) மீட்டர் இல்லாமல் எந்த டேங்க் மூடியையும் திறக்காதீர்கள். திறக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். இதில் சமரசமே கூடாது.

படி 2: எண்ணெய் வாங்கும் கப்பலில் முதல் அளவு

கப்பலில் உள்ள எல்லா எரிபொருள் டேங்குகளையும் அளக்க வேண்டும். இப்போது எண்ணெய் வாங்கப்போகும் டேங்குகள் மட்டும் போதாது. செட்லிங், சர்வீஸ், ஓவர்ஃப்ளோ, டிரெய்ன் டேங்குகள் எல்லாமே கணக்கில் வர வேண்டும். காரணம், தவறு எப்போதும் பார்ஜ் பக்கமே நடக்கும் என்றில்லை. கப்பலில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெயைக் குறைத்துக் காட்டியோ மறைத்து வைத்தோ கணக்கை வளைக்கும் கப்பல்களும் உண்டு. நீங்கள் நடுநிலையாளர் என்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும்.

முன், பின், நடு டிராஃப்ட்டை (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்) படித்து டிரிம்மையும் (முன்-பின் சாய்வு) லிஸ்ட்டையும் (பக்கச் சாய்வு) குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் பின்பக்கம் தாழ்ந்திருந்தால், டேப்பை இறக்கி எண்ணெய் மட்டத்தை அளக்கும் சவுண்டிங் பைப் உள்ள இடத்தைப் பொறுத்து அளவு கூடியோ குறைந்தோ காட்டும். அதற்கான திருத்தம், மட்டத்தைக் கொள்ளளவாக மாற்றித் தரும் டேங்க் டேபிளிலேயே இருக்கும். அந்த டேபிள் கிளாஸ் சொசைட்டி (கப்பல்களுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) முத்திரையோடு இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் அச்சுப்படியைக் கொடுத்தால் மூலத்தைக் கேளுங்கள்.

படி 3: பார்ஜில் முதல் அளவு

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். "சார், லேட் ஆகுது" என்பார்கள். ஆகட்டும்.

எல்லா டேங்கையும் திறந்து பாருங்கள். சப்ளை செய்யப்போகும் டேங்க், மற்ற கார்கோ டேங்க், ஸ்லாப் டேங்க் (கழிவு எண்ணெய் சேரும் டேங்க்), பார்ஜின் சொந்த எரிபொருள் டேங்க் எதையும் விடாதீர்கள். "அது காலி டேங்க் சார், திறக்க வேண்டாம்" என்றால் அதைத்தான் முதலில் திறக்கச் சொல்ல வேண்டும். காலி என்று சொன்ன டேங்குக்கு, பம்ப் ஓடும்போது எண்ணெய் திருப்பி விடப்படுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம்.

ஒவ்வொரு சவுண்டிங் பைப்பிலும் முதலில் ரெஃபரன்ஸ் உயரத்தைச் சரிபாருங்கள். மேல் விளிம்பிலிருந்து அடித்தட்டு வரை எவ்வளவு என்று டேபிளில் இருக்கும். டேபிள் 6.420 மீட்டர் என்று சொல்ல, உங்கள் குண்டு 6.380 மீட்டரிலேயே தட்டுகிறது என்றால் அடியில் கசடு இருக்கிறது, அல்லது ஏதோ தடை வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே சவுண்டிங்கை நம்ப முடியாது; மேலிருந்து காலி இடத்தை அளக்கும் அல்லேஜ் முறைக்கு மாறுங்கள். கெட்டியான கனரக எண்ணெய்க்கு எப்படியும் அல்லேஜ்தான் நல்லது. டேப்பை மெதுவாக இறக்கி, அடுத்தடுத்து எடுத்த அளவுகள் ஒத்துப்போகும்வரை திரும்ப எடுங்கள்.

டேப்பை மேலே இழுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பாருங்கள். குமிழ் குமிழாக இருக்கிறதா? டேங்க் வாய் வழியே நுரை தெரிகிறதா? காற்றை ஊதி எண்ணெயை நுரைக்க வைத்தால் மட்டம் உயர்ந்து காட்டும்; அளந்து முடித்துச் சில மணி நேரத்தில் நுரை அடங்கி மட்டம் இறங்கிவிடும். கப்புசினோ எஃபெக்ட் என்று இதற்கே ஒரு பெயர் உண்டு. நுரை தெரிந்தால் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். காத்திருக்க விடவில்லை என்றால் பம்ப் தொடங்கும் முன்பே எதிர்ப்புக் கடிதம் கொடுத்துவிட வேண்டும்.

டேங்க் அடியில் நீர் இருக்கிறதா என்று பேஸ்ட் தடவிப் பாருங்கள். அப்புறம் வெப்பநிலை. ஆழமான டேங்கில் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். எழுதிய தாளில் பார்ஜ் மாஸ்டர், சீஃப் இன்ஜினியர், நீங்கள் என மூவரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும்.

படி 4: மட்டத்தை டன்னாக மாற்றுவது

புதியவர்கள் பயப்படும் இடம் இது. உண்மையில் மூன்று வரிக் கணக்குதான்.

டேபிளின்படி ஒரு பார்ஜில் 1,000 கனமீட்டர் எண்ணெய் இருக்கிறது. வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ். 15 டிகிரியில் அதன் அடர்த்தி 0.9850 (கனமீட்டருக்கு டன்) என்று வைத்துக்கொள்வோம். சூட்டில் எண்ணெய் விரிந்திருக்கும். ஆகவே முதலில் ஏ.எஸ்.டி.எம். டேபிள் 54பி-யிலிருந்து திருத்த எண்ணை எடுக்கிறோம்: 0.9793. பெருக்கினால் 15 டிகிரியில் 979.3 கனமீட்டர். அடுத்து, காற்றில் எடைபோடுவதற்கான திருத்தமாக அடர்த்தியிலிருந்து 0.0011-ஐக் கழிக்கிறோம்: 0.9839. இரண்டையும் பெருக்கினால் 963.5 டன்.

இப்போது வெப்பநிலையை மட்டும் 40 டிகிரி என்று எழுதிப் பாருங்கள். திருத்த எண் 0.9828 ஆகிறது, எடை 967 டன்னாகிறது. வெறும் 5 டிகிரியில் ஏறத்தாழ 3.4 டன் வித்தியாசம், அதுவும் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல். பார்ஜின் முதல் அளவில் வெப்பநிலையைக் குறைத்தும் கடைசி அளவில் கூட்டியும் எழுதினால் கொடுத்த கணக்கு வீங்கிவிடும். தெர்மாமீட்டரை நீங்களே பிடியுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அடர்த்தியும் அப்படியே. ரசீதில் 0.9850 என்று இருந்து, ஆய்வகத்தில் 0.9800 என்று வந்தால், இதே பார்ஜில் ஏறத்தாழ 5 டன் குறைகிறது. பார்ஜில் எழுதித் தரும் அடர்த்தி சப்ளையர் சொல்வது மட்டுமே என்பதை மறக்காதீர்கள்.

மாஸ் ஃப்ளோ மீட்டர் உள்ள பார்ஜ் என்றால் வேலை கொஞ்சம் மாறும். மீட்டர் நேரடியாக எடையை அளப்பதால் வெப்பநிலைச் சண்டைகள் போய்விடும். சிங்கப்பூரில் கப்பல்களுக்கான ஃபியூயல் ஆயில் சப்ளைக்கு 2017 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். ஆனாலும் மீட்டரைச் சுற்றியுள்ள சீல் எண்கள் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா, ஜீரோ சரியாக இருக்கிறதா, மொத்தக் கணக்கு எண் தொடக்கத்தில் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் டேங்குகளை மீட்டர் இருந்தாலும் அளந்தே ஆக வேண்டும்.

படி 5: சாம்பிளும் காவலும்

சாம்பிள் எடுக்க வேண்டிய இடம் எண்ணெய் வாங்கும் கப்பலின் மேனிஃபோல்டு, அதாவது ஹோஸ் இணைக்கும் குழாய் முனை. பார்ஜில் முன்கூட்டியே நிரப்பி சீல் வைத்த பாட்டில்களை நீட்டினால் வாங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் முன்னால் எடுக்காத சாம்பிள் எந்த எண்ணெயுடையது என்று உங்களுக்குத் தெரியாது.

முறை எளிது. மேனிஃபோல்டில் டிரிப் சாம்பிளரைப் பொருத்தி, அதன் வால்வுக்கும் கீழே தொங்கும் 5 லிட்டர் கேனுக்கும் சீல் வையுங்கள். பம்ப் தொடங்கிய நொடி முதல் நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். 8 மணி நேர சப்ளை என்றால் நிமிடத்துக்கு 10 மில்லி போல விழும்படி வால்வைத் திருப்பினால் கேன் கடைசியில் நிறையும். முதல் மணி நேரத்தில் கவனித்துச் சரிசெய்யுங்கள். கேன் பாதியில் நிறைந்துவிட்டால் அடுத்த கேனை மாட்டி, கடைசியில் இரண்டையும் நன்றாகக் கலக்க வேண்டும்.

பம்ப் ஓடும்போது அறைக்குள் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஹோஸ் உதறுகிறதா, மேனிஃபோல்டு பிரஷர் முள் ஆடுகிறதா, பைப்பில் களகளவென்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மூன்றுமே காற்று வருவதன் அடையாளம். டேங்க் அடியை உறிஞ்சும் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் காற்று வருவது இயல்பு. நடுவில் வந்தால் நேரத்தோடு எழுதி வையுங்கள். இடையிடையே கப்பல் டேங்கை அளந்து, சொல்லப்பட்ட பம்ப் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

முடிந்ததும் கேனை நன்றாகக் குலுக்கி, எல்லா பாட்டில்களிலும் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மறுபடி குலுக்கி அடுத்த பங்கு என்று மூன்று சுற்றில் நிரப்புங்கள். முதல் பாட்டிலை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனால் எல்லாம் ஒரே எண்ணெயாக இருக்காது. மார்போல் (கப்பல் மாசுத் தடுப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) சாம்பிள், கப்பலுக்கு, சப்ளையருக்கு, ஆய்வகத்துக்கு, உங்களுக்கு என ஒவ்வொன்றுக்கும் சீல் எண் வேண்டும். அந்த எண்கள் எல்லாம் ரசீதில் ஏற வேண்டும். மார்போல் சாம்பிளைக் குறைந்தது 12 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் அந்த எண்ணெய் பெருமளவு மீதி இருந்தால், அது தீரும்வரை.

படி 6: கடைசி அளவு

முதல் அளவு எப்படியோ அப்படியே, அதே டேப், அதே தெர்மாமீட்டர், அதே பைப். பார்ஜில் தொடங்கும்போது காலி என்று எழுதிய டேங்குகளையும் திறங்கள். டிரிம் மாறியிருக்கும், புதிதாகப் படியுங்கள். கப்பல் டேங்கில் நுரை இருந்தால் அடங்க நேரம் கொடுங்கள்.

படி 7: ரசீதில் கையெழுத்து

பி.டி.என். என்று சொல்லும் எரிபொருள் ஒப்படைப்பு ரசீதில் கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண், துறைமுகம், தேதி, சப்ளையர் விவரம், எண்ணெய் வகை, டன் அளவு, 15 டிகிரி அடர்த்தி, சல்ஃபர் அளவு எல்லாம் இருக்க வேண்டும். 2024 மே முதல் ஃப்ளாஷ் பாயின்ட் (எண்ணெய் ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை) விவரமும் சேர்ந்திருக்கிறது. இதைக் கப்பலில் 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

வெற்று ரசீதிலோ, பம்ப் ஓடும்போதே நீட்டப்படும் ரசீதிலோ கையெழுத்துப் போடவே கூடாது என்று சீஃப் இன்ஜினியருக்கு முன்பே சொல்லி வையுங்கள். முடிந்த பிறகு போடும்போதும், "அந்த வெப்பநிலையில் வாங்கிய கொள்ளளவுக்கு மட்டும்; எடை ஆய்வக அடர்த்திக்கு உட்பட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். குறிப்பு எழுத விடவில்லை என்றாலோ, அளவு ஒத்துப்போகவில்லை என்றாலோ, எதிர்ப்புக் கடிதம். அதில் கோபத்தைக் காட்டாமல் எண்ணையும் நேரத்தையும் காட்டுங்கள்: எந்த டேங்கில், எத்தனை மணிக்கு, எவ்வளவு வித்தியாசம், யார் சாட்சி. வாங்க மறுத்தால் மறுத்ததையும் எழுதி வையுங்கள்.

படி 8: ஆய்வக முடிவு வரும்வரை

புது எண்ணெயைப் பழைய எண்ணெயோடு கலக்காமல் தனி டேங்கில் வைக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை எரிக்காமல் இருப்பது உத்தமம். முடிவு வந்ததும், கப்பல் எரிபொருளுக்கான சர்வதேசத் தர நிர்ணயமான ஐ.எஸ்.ஓ. 8217 அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பரவலாகப் பயன்படும் 380 கிரேடு கனரக எண்ணெய்க்கு அடர்த்தி கனமீட்டருக்கு 991 கிலோவைத் (மேலே எழுதிய முறையில் 0.991) தாண்டக் கூடாது, நீர் 0.50 சதவீதத்துக்குள், அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்து கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்குள், ஃப்ளாஷ் பாயின்ட் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அலுமினியம்-சிலிக்கான் என்பது சுத்திகரிப்பு ஆலையில் சேரும் கடினமான துகள். வரம்புக்குள் இருந்தாலும், எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் சரியாக ஓடாவிட்டால் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் எண்ணெய் கெட்டதாக இருக்க முடியும். 2022 தொடக்கத்தில் சிங்கப்பூரில் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் உள்ள எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போனது. பலவற்றில் எரிபொருள் பம்புகளும் இன்ஜின்களும் பழுதாயின. வழக்கமான சோதனைப் பட்டியலில் அது சிக்கவில்லை, ஜி.சி.எம்.எஸ். என்னும் கூடுதல் சோதனையில்தான் வெளிவந்தது. ஃபில்டர் வழக்கத்தைவிட அடிக்கடி அடைத்தாலோ பம்ப் பிளஞ்சர் இறுகினாலோ, மற்ற எண்கள் நன்றாக இருக்கின்றன என்று விட்டுவிடாமல் இந்தச் சோதனையைக் கேளுங்கள். சீல் வைத்த சாம்பிள் அதற்காகத்தான் இருக்கிறது.

புகார் என்றால் கெடுவைப் பாருங்கள். அளவுக் குறைவுக்கு 7 நாள், 14 நாள் என்றுகூட ஒப்பந்தங்களில் இருக்கும், தரத்துக்கு வேறு கெடு. ஆகவே அளவுத் தாள்கள், சாம்பிள் சீல் பட்டியல், எதிர்ப்புக் கடிதம், ரசீது நகல் நான்கையும் சேர்த்து உங்கள் அறிக்கையைக் கப்பலை விட்டு இறங்கிய அன்றே அனுப்பிவிடுங்கள்.