நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு மூளையைச் சும்மா விடாதீர்கள்

டெல்டாவில் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்று ஊர் எப்போது சொல்லும் தெரியுமா? அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்ட அன்று. அதுவரை விடிவதற்குள் வரப்பில் நடந்து, மடையைத் திறந்து மூடி, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது, நடவு ஆளுக்கு எவ்வளவு, உரக்கடையில் பாக்கி எவ்வளவு என்று மனக்கணக்கு போட்டு, டீக்கடையில் மேட்டூர் நீர்மட்டத்தை வைத்து நாலு பேரோடு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரே போகத்தில் நாற்காலிக்கும் டிவிக்கும் வந்து சேர்ந்துவிடுகிறார். நடை, கணக்கு, மனுஷாள் மூன்றும் ஒன்றாகப் போய்விடுகின்றன. பிள்ளைகளும் பாசமாகத்தான் சொல்கிறோம், "இனிமே ரெஸ்ட் எடுங்கப்பா" என்று. அந்த ரெஸ்ட்தான் ஆபத்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி நோய், வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை. ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பட்டியல் போட்டிருக்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதில் நம் ஊருக்கு எது முக்கியமோ அதிலிருந்து தொடங்குவோம்.

காதிலிருந்து தொடங்குங்கள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், கூப்பிட்டால் "என்ன?" என்கிறார், கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார் என்றால் மறதி என்று நினைத்துக்கொள்ளாமல் காதைக் காட்டுங்கள். காது மந்தமானவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார், பேச்சு குறைந்தால் ஆட்களும் குறைவார்கள், மூளைக்கு வேலையும் குறையும். அந்த 45-இல் 7 காதுக்குத்தான், அதற்குச் சமமாக நிற்பது கெட்ட கொழுப்பு ஒன்றுதான். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது. சில சமயம் உள்ளே அழுக்கு அடைத்திருக்கும், எடுத்தாலே சரியாகிவிடும். கருவி வேண்டுமென்றால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தகுதி இருந்தால் அரசே இலவசமாகத் தருகிறது. "கிழவன் மாதிரி இருக்கும்" என்று மாட்ட மாட்டார். தினம் கொஞ்ச நேரம், முதலில் வீட்டுக்குள் மட்டும், பேரன் போனில் பேசும்போது என்று பழக்குங்கள். கண் புரையும் இதே கதைதான், பார்வைக் குறைவையும் 2024இல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்து பி.பி., சர்க்கரை. பி.பி.யில் மேல் அளவு 130-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, அதுவும் நாற்பது வயதிலிருந்தே, அதனால் இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அவருக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர் சொல்லட்டும், தலைசுற்றி விழுகிறவருக்கு ரொம்பக் குறைக்க மாட்டார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு "தலைவலி வந்தா போட்டுக்குறேன்" என்பவர்கள்தான் பிரச்சினை. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மூன்று வேளையும் சோறுதான் என்கிற வீட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையும் பயறும் சுண்டலும் கூட்டுங்கள். நாகப்பட்டினம் பக்கம் மத்தி மலிவாகக் கிடைக்கும்போது வஞ்சிரத்துக்கு ஏன் அலைய வேண்டும்?

நடைக்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். குத்தகைக்கு விட்டால் என்ன, காலையில் போய் வயலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், குத்தகைக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அப்புறம் தலை. தலையில் அடிபடுவதும் பட்டியலில் உள்ள காரணம்தான். பாசி பிடித்த கொல்லைப்புறம், வெளிச்சமில்லாத குளியலறை, பைக்கில் பின்னால் ஒருக்களித்து ஹெல்மெட் இல்லாமல் உட்காரும் அம்மா, இவற்றை இந்த வாரமே சரிசெய்யலாம். பீடி, சிகரெட், டாஸ்மாக் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி கணக்கும் ஆட்களும். குறுக்கெழுத்து ஆப் இறக்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் மூலையில் கிடக்கும். அவருக்குத் தெரிந்த உலகத்தில் பொறுப்பைக் கொடுங்கள்: குத்தகை நெல் கணக்கு, கோயில் திருவிழா வரவு செலவு, பால் கணக்கு. யூபிஐ கற்றுக்கொடுப்பது இன்னும் நல்லது, புதிதாகக் கற்பதுதான் மூளைக்கு உண்மையான வேலை (பின் நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்). தாயமோ ஆடுபுலியோ எதிரே ஆள் உட்கார்ந்து ஆடுவதாக இருக்கட்டும், தோற்றால் கிண்டல் பண்ண ஒருவர் வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற வீடுகளில் தனிமைதான் பெரிய பகை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வீடியோ காலைவிட, பக்கத்துத் தெருவில் தினமும் எட்டிப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்வது மேல். அப்பா போன பிறகு அம்மா கோலம்கூடப் போடுவதில்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை என்றால் "வயசு" என்று விட்டுவிடாதீர்கள், மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது, அதுவும் இந்தப் பட்டியலில் உள்ளதுதான்.

ஞாபக சக்தி பொடி, வைட்டமின் டப்பா இவற்றில் காசைப் போடாதீர்கள். குறைபாடு இல்லாதவர்கள் டிமென்ஷியாவைத் தடுக்க வைட்டமின் மாத்திரை சாப்பிடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019லேயே பரிந்துரைக்கவில்லை. வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும், மருந்தாக நம்ப வேண்டாம்.

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. சொன்னதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது, எத்தனையோ வருடம் போட்ட கணக்கில் குழம்புவது வேறு. அப்படியென்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். பி12 குறைவு, தைராய்டு போன்றவற்றாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய முடியும். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரைகளும்கூட ஞாபகத்தை மழுங்கடிக்கும்.