கிராஞ்சிக் கல்லிலிருந்து ஓர் அதிகாரியின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் வெள்ளைக் கல்லில் செதுக்கிய எழுத்துகள் நிழல் கட்டித் துலங்கும். உச்சிவெயிலில் கண் கூசுவதோடு சரி. எழுத்து தெரியவில்லையென்று சாக்குக்கட்டியால் தேய்க்க வேண்டாம். படைச்சின்னம், பதவி, பெயர், இறந்த நாள், வயது ஆகியவற்றைக் கல்லில் உள்ளபடியே குறித்துக்கொண்டு, அடியில் குடும்பத்தார் பொறிக்கச் சொன்ன வரி இருந்தால் அதையும் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேடும் அதிகாரிக்குத் தனிக் கல்லறை இல்லையெனில் மேட்டிலுள்ள நினைவுச் சுவர்களில் பாருங்கள். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், இந்தியப் படைவீரர் பெயர்கள் உட்பட, படைப்பிரிவு வாரியாக அங்கே உள்ளன. ஆகவே படைப்பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் போனால் கழுத்துதான் வலிக்கும். பதவி ஏற்ற நாளுக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டையும், படையின் நாட்குறிப்புகளுக்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் நாடலாம்.

எடுத்துக்காட்டாக, ஐவன் லயன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியை எடுத்துக்கொள்வோம். 1915இல் பிறந்து, கார்டன் ஹைலேண்டர்ஸ் படையில் சேர்ந்து, போருக்கு முன்பே சிங்கப்பூரில் பணியாற்றியவர். 1943 செப்டம்பரில், ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய மீன்பிடிப் படகொன்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு குழுவை இங்கு அழைத்துவந்தார். படகுக்குச் சூட்டிய பெயர் கிரைட், அதாவது நம் கட்டுவிரியன். செப்டம்பர் 26 இரவு, மூன்று மடக்குத் தோணிகளில் சென்ற அறுவர் துறைமுகத்துக் கப்பல்களில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டுத் திரும்பினர். மறு ஆண்டு, இதேபோல் மீண்டும் தாக்க முயன்ற ரிமாவ் நடவடிக்கையின்போது, ரியாவ் தீவுக்கூட்டத்தில் நடந்த சண்டையில் 1944 அக்டோபரில் லயன் மாண்டார். வயது 29.

சாகசத்தோடு எழுதுகோலை வைத்துவிடுவது பலர் செய்யும் பிழை என்பது என் கருத்து. தாக்கியது யாரென்று அறியாத ஜப்பானிய ராணுவக் காவல்துறை, 1943 அக்டோபர் 10 அன்று உள்ளூர்வாசிகள் மீதும் சிறைப்பட்டிருந்த ஐரோப்பியர் மீதும் பாய்ந்தது. பிடிபட்ட 57 பேரில் 15 பேர் சித்திரவதையில் இறந்தனர். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஆக்கிரமிப்புக் கால இதழ்களையும், போருக்குப் பின் வந்த விசாரணைச் செய்திகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முன்னது ஆட்சியாளரின் குரல் என்பதை உங்கள் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தையும் விடாதீர்கள். லயனின் மனைவியும் கைக்குழந்தையும் சென்ற கப்பலை 1942இல் இந்தியப் பெருங்கடலில் ஜெர்மானியர் கைப்பற்றினர். அவர்கள் ஜப்பானில் சிறைவைக்கப்பட்டு, போர் முடிந்தபோது உயிரோடு மீண்டனர்.